ஆளுக்கொரு செய்தி

கஸ்பாரின் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தவர்கள், உலகம்மாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

துக்கம் என்றுதான் அவள் நினைத்தாள். 'தென்திசை' நாளேட்டின் தூத்துக்குடி நிருபராக இருபத்திரண்டு வருடம் இந்தக் கடற்கரையில் அலைந்தவள் அவள். சூசைத்துறையில் எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கு ஒருவர்கூட "வாங்க" என்று சொல்லவில்லை.

கஸ்பாரின் மனைவி ரெஜினா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உலகம்மாள் செருப்பைக் கழற்றப் போனாள்.

"கழட்டாண்டாம். எதுக்கு வந்திய?"

"பூசைக்கு வந்தேன் ரெஜினா. ஒங்களையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சுல்லா. போங்க."

உலகம்மாள் நகராமல் நின்றாள். ரெஜினாவின் குரல் உயரவில்லை. "எம் மாப்பிள செத்தது பத்தாதுன்னு அவரக் கடத்தல்காரன்னு எழுதுனிய. இப்பம் பூசைக்கு வேற வந்து நிக்கிய. எம் மவ காலேஜுக்குப் போமாட்டேங்கா, தெரியுமா? ஹாஸ்டல்ல கூட இருக்கிற பிள்ளைய எல்லாம் கேக்காளுவளாம், ஒங்க அப்பா என்னத்தக் கடத்துனாருன்னு."

"நான் அப்படி எழுதலையே."

உலகம்மாள் எழுதியது அவளுக்கு வரிவரியாக நினைவிருந்தது. அந்தக் காலையில் காற்றே இல்லை. கஸ்பாரும் இன்னும் இரண்டு பேரும் வலை எடுத்துக்கொண்டிருந்த வள்ளத்தின் மீது, விளக்கில்லாத சாம்பல் நிறக் கப்பல் ஒன்று மோதி அதை இரண்டாகப் பிளந்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. பக்கத்து ஊரான வேம்படித்துறையைச் சேர்ந்த இரண்டு பேர் அதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். உடல்களைத் தூக்கி வந்தவர்களும் அவர்கள்தான். அன்றிலிருந்து கடலின் அந்தப் பகுதிக்குள் யாரையும் விடவில்லை. காரணம் கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை. இதையெல்லாம் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் வந்தது. சக நிருபர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

ரெஜினா போனை எடுத்து நீட்டினாள். "ஒங்க பேரு போட்டிருக்குல்லா? வாசிங்க."

உலகம்மாள் வாசித்தாள். அவள் எழுதியதேதான், ஒரு காற்புள்ளி மாறாமல்.

"இதுல கடத்தல்னு ஒரு வார்த்தை இல்லியே ரெஜினா."

ரெஜினா போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு வாசித்தாள். "'பீடி இலை மூட்டைகளுடன் விடியுமுன் இலங்கை எல்லையை நோக்கிச் சென்ற வள்ளம்...' பெறவு இது என்னது?"

உலகம்மாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரை ஒரு கணம் மங்கித் தெளிந்தது. அந்த வரி இல்லை. ரெஜினாவும் அதைப் பார்த்தாள்.

"என்ன செஞ்சிய? இப்பம் இருந்துச்சே."

"நான் ஒண்ணும் செய்யல." உலகம்மாள் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். "ரெஜினா, நான் வீட்டுக்குப் பின்னால போயி நிக்கேன். நீங்க மட்டும் தனியா அதப் பாத்து, எனக்குக் கேக்கிற மாதிரி வாசிங்க. முழுசும் வாசிங்க."

ரெஜினா எதனால் சம்மதித்தாள் என்று தெரியாது. அவளுக்கும் அந்த வரி போனது உறுத்தியிருக்க வேண்டும். உலகம்மாள் பின்சுவரை ஒட்டி நின்று, கேட்கக் கேட்கக் குறிப்பேட்டில் எழுதினாள். பொய்யைவிட நடையே அவளை அதிகம் பயமுறுத்தியது. சின்னச் சின்ன வாக்கியங்கள். முதல் வரியில் நேரத்தைச் சொல்லித் தொடங்கும் பழக்கம். இறந்தவரின் வயதை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுவது. அப்படி ஒரு பொய்யை அவளே எழுத உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

அடுத்த வீடு கஸ்பாரின் தங்கை மெட்டில்டாவுடையது. அவளையும் அதேபோல் வாசிக்கச் சொன்னார்கள். அவள் போனில் பீடி இலை இல்லை. வலைத் தகராறில் வேம்படித்துறைக்காரர்கள் வள்ளத்தை இடித்து மூழ்கடித்துவிட்டதாக இருந்தது. அதுவும் உலகம்மாளின் பெயரில்தான்.

"அதானே எங்காளுவ அவனுவளப் போயி அடிச்சாங்க," என்றாள் மெட்டில்டா. "கரையில பெரிய சண்டை. பிரேதத்தத் தூக்கிட்டு வந்தாம்லா ஒருத்தன், அவனுக்குக் கை முறிஞ்சிட்டு. இப்பம் கொச்சிக்குப் போயிட்டானாம்."

உலகம்மாளிடம் உண்மையைச் சொன்ன சாட்சி அவன்.

அடுத்த மூன்று வாரம் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. தூத்துக்குடி பஸ் நிலையத்தில், ரேஷன் கடை வரிசையில், திருச்செந்தூர் சாலையில் ஒரு சலூனில், முன்பின் தெரியாதவர்களிடம் போய்க் கண் சரியில்லை என்று சொல்லி, இந்தச் செய்தியை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நகரத்து ஆட்களுக்குச் சூறைக்காற்று. வேம்படித்துறைக்குக் கஸ்பார் குடித்திருந்தான் என்று ஒரு கதை. மொத்தம் ஆறு விதம். ஏழாவதும் இருந்திருக்கலாம், ஒருவர் முக்கியமான இடத்தை வாசிக்கும்போது லாரி ஒன்று போய்க் கேட்காமல் ஆகிவிட்டது.

திரையைப் படம் எடுத்துப் பார்த்தாள். படத்தில் அவள் எழுதியதுதான் இருந்தது. குரலைப் பதிவு செய்தாள். திருப்பிப் போட்டால், அதே ஆள், அதே இருமலோடு, அவள் எழுதியதையே வாசித்தார். அன்று அவள் பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. பூட்டாத கதவு திறக்காவிட்டால் ஒரு ஆத்திரம் வருமே, அது.

*

'தென்திசை' ஆசிரியர் மாசிலாமணிக்கு அறுபத்தொரு வயது. திருநெல்வேலி அலுவலகத்தில் அவர் மேஜையில் எப்போதும் ஒரு திரையும் ஒரு பிளாஸ்கும் இருக்கும். குறிப்பேட்டை முழுக்கப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஒங்கையெழுத்து உலகம்மா. இத வச்சு நான் யாருகிட்டப் போயி என்ன சொல்ல?"

"இணக்கம்னு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கோமே அண்ணாச்சி. அது என்ன செய்யும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாத பத்திரிகைக்காரர் கிடையாது. அச்சு நின்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எல்லா நாளேடுகளும் போனில்தான் வந்தன. எல்லாமே 'இணக்கம்' என்ற மென்பொருள் வழியாகத்தான் வாசகருக்குப் போயின. கண் மங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கும். அதிகம் படிக்காதவருக்கு எளிய சொல்லாக மாற்றும். நேரமில்லாதவருக்குச் சுருக்கிக் கொடுக்கும். வாசிப்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் எந்த வரியில் தயங்குகிறார் என்று கவனித்து, அடுத்த வரியைச் சரிசெய்யும்.

"சுருக்கும், எளிமையாக்கும். அம்புட்டுத்தான்," என்றார் மாசிலாமணி. "செத்தவனைக் கடத்தல்காரனாக்குமா?"

"ஆளுக்குத் தக்கபடி வார்த்தைய மாத்தத் தெரிஞ்ச ஒண்ணுக்கு, சேதிய மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?"

"யாரு மாத்துதா?"

"தெரியல. அந்தக் கப்பலு யாரோடது? அந்தக் கடலுக்கடியில என்னத்தப் போட்டு வச்சிருக்காங்க? அது தெரிஞ்சா இதுவும் தெரியும்."

மாசிலாமணி தன் திரையில் அந்தச் செய்தியைத் திறந்தார். இருவரும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "நல்லா எழுதியிருக்க," என்றார் அவர், வேறென்ன சொல்வதென்று தெரியாமல். பிறகு, "ஒரு வாரம் வீட்டுல இருந்துட்டு வாயேன்," என்றார்.

அவளைப் பைத்தியம் என்று அவர் நினைக்கவில்லை. நம்பவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

நான்கு நாள் கழித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் உள்ள ஓட்டலில் அவள் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை. கல்லூரிப் பேராசிரியர் மாதிரி இருந்தார்.

"உலகம்மாள் மேடம்தானே? பரசுராமன்னு வெச்சுக்கோங்க என் பேரை. எந்த ஆபீஸ்னு கேட்காதீங்க, அதுக்குப் போர்டு கிடையாது."

அவள் கையில் சாதத்தோடு அவரைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்க. நான் மிரட்ட வரலை. நாங்க யாரையும் மிரட்டறதில்லை. அதெல்லாம் பழைய காலம். நிருபருக்குக் கவர் கொடுக்கறது, விருந்துக்குக் கூப்பிடறது, ஆசிரியர் வீட்டுக்குப் போன் போடறது, எங்க ஆளையே நிருபரா உள்ள அனுப்பறது. எவ்வளவு பேரைக் கெடுக்க வேண்டியிருந்தது. கெட்டவன் எழுதினா ஜனங்களும் ஒரு நாள் கண்டுபிடிச்சிடறாங்க."

"இப்பம்?"

"இப்ப யாரையும் கெடுக்க வேண்டாம். நீங்க நேர்மையா இருங்க. உங்க ஆசிரியர் நேர்மையா இருக்கட்டும். உங்க கட்டுரையில ஒரு எழுத்தை நாங்க வெட்டினதில்லை. நீங்க எழுதினது அப்படியே வந்திருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க ஆசிரியருக்கு. உங்க சக நிருபர்களுக்கு. கேள்வி கேட்கக்கூடிய இடத்துல இருக்கறவங்களுக்கு." சர்வர் வந்தார். பரசுராமன் ஒரு காபி சொன்னார். "மத்தவங்களுக்கு அவங்கவங்க ஊர் அமைதியா இருக்க என்ன தேவையோ அது."

"அமைதியா? ரெண்டு ஊருக்காரனும் அடிச்சுக்கிட்டுக் கெடக்கான்."

"ரெண்டு ஊரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்கு வந்திருந்தா அது பெரிய விஷயம். அடிச்சுக்கிட்டது ஸ்டேஷனோட முடிஞ்சது." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். "எனக்கும் பிடிக்கலை மேடம். ஆனா அந்தக் கடலுக்கடியில இருக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை வெளியே போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்."

"மூணு பேரு செத்திருக்காங்க."

"ஆமா. நீங்க அதை எழுதினீங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்."

உலகம்மாள் இலையை மூடினாள். "எங்கிட்ட இத எதுக்குச் சொல்லுதிய?"

"கண்டுபிடிச்சிட்டீங்களே. இதுவரைக்கும் கண்டுபிடிச்ச எல்லார்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லியிருக்கேன். மரியாதைக்குத்தான். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு செய்தியை நாங்க தொடறதே இல்லை. ஆஸ்பத்திரியில மருந்து இல்லைன்னு எழுதறீங்க, பள்ளிக்கூடச் சுவர் விழுந்ததுன்னு எழுதறீங்க, எல்லாம் அப்படியே போகுது, வேலையும் நடக்குது. அதனாலதான் உங்க பேருக்கு ஒரு மரியாதை இருக்கு. அந்த மரியாதை எங்களுக்கு வேணும். வேற யார் பேரைப் போட்டாலும் சூசைத்துறையில நம்பியிருக்க மாட்டாங்க."

காபி வந்தது. அவர் நிதானமாக ஆற்றிக் குடித்தார். "எழுதறதை விட்டுடாதீங்க. உங்களை மாதிரி எழுத ஆள் இல்லை."

*

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளுக்கு வழி காட்டியது. அவர்களுக்கு வேண்டியது அவள் பெயர். அப்படியானால் அந்தப் பெயரைக் கெடுத்துவிட வேண்டும். எழுதிக் கெடுக்க முடியாது, அதையும் மாற்றிவிடுவார்கள். வாயால், பத்துப் பேர் முன்னால், மாற்ற முடியாத ஓரிடத்தில் கெடுக்க வேண்டும்.

அவள் ரெஜினாவிடம் போய், "என் மேல அவதூறு கேஸ் போடுங்க," என்றாள்.

ரெஜினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க கூண்டுல ஏறி, ஒங்க போன்ல இருக்கிறத ஜட்ஜு முன்னால வாசிக்கணும். மெட்டில்டா அவங்க போன்ல இருக்கிறத வாசிக்கணும். ஜட்ஜு அவரு போன்ல பாக்கணும். ஒரே அறையில மூணு பேரு மூணு விதமா வாசிச்சா அது போதும். எனக்கு தண்டனை கெடச்சாலும் சரி."

"ஒங்களுக்கு தண்டனை வாங்கிக் குடுத்தா அவரு பேரு சரியாயிருமா?"

"சரியாவும்னுதான் நெனைக்கேன்."

மைமூன் என்ற வழக்கறிஞர் ரெஜினாவின் சார்பில் வழக்கை எடுத்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவளே சாட்சிகளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வருவதைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். நான்கு மாதம் தேதி மாறிக்கொண்டே இருந்தது. அந்த நான்கு மாதமும் உலகம்மாள் மருத்துவமனையைப் பற்றியும் சாலையைப் பற்றியும் எழுதினாள். அவை சரியாகவே போய்ச் சேர்ந்தன. சாலையில் தார்கூடப் போட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது.

விசாரணை நாளன்று நீதிமன்ற அறையில் அறுபது பேராவது இருந்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ரெஜினா கூண்டில் ஏறினாள். போனைப் பயன்படுத்த நடுவர் அனுமதி கொடுத்தார். உலகம்மாள், திரையில் தன் முகம் படக்கூடாது என்று, முன்பே சொல்லிவைத்தபடி, எதிர்ப்பக்கச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

ரெஜினா வாசிக்க ஆரம்பித்தாள்.

"'காலை ஐந்தே முக்கால் மணி. கடலில் காற்றே இல்லை. சூசைத்துறையைச் சேர்ந்த கஸ்பார் வலையின் கடைசிப் பாகத்தை இழுத்துக்கொண்டிருந்தார்...'"

அங்கே அவள் நின்றாள். நிமிர்ந்து உலகம்மாளைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து வாசித்தாள். சாம்பல் நிறக் கப்பல். விளக்கில்லை. மோதியது. நிற்கவில்லை. 'கஸ்பார் ஒருநாளும் கரைக்கு வெறும் கையோடு வந்ததில்லை, பொய்யோடும் வந்ததில்லை என்றார், அவர் உடலைத் தூக்கி வந்த வேம்படித்துறைக்காரர்.' அந்த இடத்தில் அவளுக்குக் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

மெட்டில்டாவைக் கூப்பிட்டார்கள். அவள் போனிலும் அதேதான் இருந்தது. மைமூன் அவசரமாக இன்னொரு சாட்சியை அழைத்தார். அவன் போனிலும் அதே. நடுவர் தன் திரையைப் பார்த்தார்.

"இதுல உங்க கணவரைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா," என்றார் அவர். "நல்லவிதமாத்தானே எழுதியிருக்காங்க. எதுக்கு இந்த வழக்கு?"

உலகம்மாள் பேச அனுமதி கேட்டாள். தான் எழுதியது வேறு, இவர்கள் இதுவரை வாசித்து வந்தது வேறு, இன்றைக்கு மட்டும் இந்தக் கட்டடத்துக்குள் எல்லாருக்கும் ஒன்றையே காட்டுகிறார்கள் என்று சொன்னாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க எழுதினது வெளியாகியிருக்கு. எல்லாருக்கும் படிக்கக் கிடைக்குது. யாரும் தடுக்கலை. அப்புறம் என்ன குறை?" என்று கேட்டார் நடுவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் முப்பது வழக்கு இருந்தது. தள்ளுபடி என்று எழுதிவிட்டு அடுத்த வழக்குக் கட்டைக் கையில் எடுத்தார்.

*

நீதிமன்றத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரெஜினா உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மேல்முறையீடு போடலாம்னு மைமூன் சொல்லுதாங்க," என்றாள்.

"வேண்டாம்க்கா."

"இல்ல ரெஜினா, இன்னொரு வழி..."

"இன்னும் மாறல, பாருங்க. வெளிய வந்த பெறவும் அப்படியே இருக்கு. நாலு தடவ வாசிச்சிட்டேன்." அவள் கண் சிவந்திருந்தது. முகத்தில் பல மாதமாக இருந்த இறுக்கம் இல்லை. "எம் மவளுக்கும் அனுப்பிட்டேன். அவளுக்கும் இதான் வந்திருக்காம். நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போறேன்னு சொல்லுதா."

"ரெஜினா, இது ஒங்களுக்கும் ஒங்க மவளுக்கும் மட்டும் வாறது. நீங்க இனிமே கேஸ் போடக் கூடாதுன்னுதான்."

"தெரியும்."

"பஸ் ஸ்டாண்டுல போயி யாரயாவது வாசிக்கச் சொன்னா இன்னும்..."

"தெரியும்க்கா. எனக்கு என்ன, புத்தியா இல்ல?" ரெஜினா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "ஆறு மாசமா விடிஞ்சு எந்திரிச்சா அந்தப் பீடி இலையத்தான் பாத்தேன். ஒங்களுக்கு அது சேதி. நாளைக்கு வேற சேதி வரும். எனக்கு அவரு ஒருத்தருதான். எனக்கு இது போதும். என்ன விட்டுருங்க."

அவள் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த வேப்பஞ்சருகைத் தட்டிவிட்டு, மெட்டில்டா நின்ற இடத்துக்குப் போனாள். உலகம்மாளால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடியாததே இன்னும் ஆத்திரமாக இருந்தது. அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து மாசிலாமணிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். நான்கே வரி. என் பெயரில் இனி எதுவும் வரக் கூடாது. இன்றோடு வேலையை விடுகிறேன். காரணம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"தாராளமா எடுத்துக்கோ உலகம்மா. ஒரு வாரம் போதுமா? டாக்டரைப் பாத்து நல்லா ஓய்வெடு."

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு எழுந்து திருநெல்வேலி பஸ்ஸைப் பிடித்தாள்.

*

மாசிலாமணி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"லீவு கேட்டுட்டு இங்கன வந்து நிக்க?"

"நான் லீவு கேக்கல அண்ணாச்சி. வேலைய விடுதேன்னு எழுதினேன்."

"என்னம்மா சொல்லுத? உடம்பு சரியில்ல, ஒரு வாரம் லீவு வேணும்னு ஒங்கைப்பட எழுதியிருக்க. இந்தா பாரு."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். திருப்பும்போது அவர் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது. திரை ஒரு கணம் மங்கித் தெளிந்தது.

என் பெயரில் இனி எதுவும் வரக் கூடாது. இன்றோடு வேலையை விடுகிறேன்.

மாசிலாமணி திரையைத் தன் பக்கம் திருப்பினார். மறுபடி அவள் பக்கம் திருப்பினார். மூன்றாவது முறை திருப்பாமல் கையை எடுத்துவிட்டார். பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காபி மேஜையில் சிந்தியிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

"லீவுன்னுதான் இருந்துச்சு," என்றார் மெதுவாக.

"தெரியும்."

"நீ அன்னிக்குச் சொன்னப்ப..." அவர் முடிக்கவில்லை. அவள் நோட்டைக் கேட்பார், யாருக்காவது போன் செய்வார், குறைந்தது மன்னிப்பாவது கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"என் தலையங்கம்?"

முப்பத்து மூன்று வருடமாக அவர் தலையங்கம் எழுதுகிறார். கரையிலிருந்து இருபது மைல் வரையிலான கடலுக்குள் மீனவர் யாரும் போகக்கூடாது என்று ஒரு மசோதா வரவிருந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும், அந்தக் கடலில் என்ன இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அன்று காலைதான் எழுதியிருந்தார். உலகம்மாள் அதைப் படித்திருந்தாள். சூடான எழுத்து.

மாசிலாமணி எழுந்து முன்பக்கம் நடந்தார். வரவேற்பு மேஜைக்கு எதிரே, கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்க வந்தவர் ஒருவர் தாயாரின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். மாசிலாமணியை அவருக்குத் தெரியவில்லை.

"ஐயா, நம்ம பேப்பர் படிப்பீங்களா?"

"தினமும் படிப்பேங்க. எங்க அம்மாவுக்கும் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன்."

"இன்னிக்குத் தலையங்கத்தக் கொஞ்சம் சத்தமா வாசிக்க முடியுமா? எனக்குக் கண்ணு சரியில்ல."

உலகம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தூணுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றார்கள். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒன்றும் புரியாமல் அவர்கள் முதுகைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"'கரையோரப் பாதுகாப்பு மசோதாவைப் பார்த்து நம் மீனவச் சகோதரர்கள் அஞ்ச வேண்டியதில்லை. கடலைக் காப்பது அவர்களைக் காப்பதே ஆகும். சூசைத்துறையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. அப்படி இன்னொன்று நடக்காமலிருக்கவே...'"

மாசிலாமணி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அந்த 'நாம் மறக்கவில்லை' அவருடையதுதான். அதை அவர் எந்தத் தலையங்கத்திலும் விட்டதில்லை.

அந்த மனிதர் முழுவதையும் வாசித்து முடித்தார். சத்தமில்லாமல் போகவே, தூண் பக்கம் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ஆசிரியர் நல்லா எழுதியிருக்காருங்க. யாருக்கும் பயப்படாம உள்ளதை உள்ளபடி எழுதறவரு இப்ப அவரு ஒருத்தர்தான்."